ராமநாதபுரம் டவுன் மொட்டைமாடியிலிருந்து வலசைப் பருந்துகளை எண்ண முடியுமா?

கேணிக்கரை_மாடி

எல்லோருக்கும் வணக்கம். ராமநாதபுரம் டவுனுக்குள் கேணிக்கரைப் பக்கம் எங்கள் வீடு. பக்கத்தில் உயரமான கட்டடம் அதிகம் இல்லாததால் மொட்டைமாடியில் நின்றால் வடக்கும் மேற்கும் நன்றாகத் திறந்து தெரியும். ஒவ்வொரு வருடமும் புரட்டாசி கடைசியில் தொடங்கி கார்த்திகை வரைக்கும், காலை ஒன்பது மணிக்கு மேல், பருந்து மாதிரிப் பறவைகள் ரொம்ப உயரத்தில் இறக்கையே அடிக்காமல் கிழக்கே அல்லது தென்கிழக்கே போவதைப் பார்க்கிறேன். சில நாள் ஒன்றுமே இருக்காது, சில நாள் அடுத்தடுத்து வரும். எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் இதை எண்ணி நோட்டில் எழுதலாம் என்கிறாள். எனக்கும் ஆசைதான்.

குழப்பம் என்னவென்றால் இங்கே செம்பருந்தும் கரும்பருந்தும் வருடம் முழுக்க இருக்கின்றன, மீன் மார்க்கெட் பக்கம் கேட்கவே வேண்டாம். மேலே போவது ஊர்ப் பருந்தா, வடக்கேயிருந்து வலசை வந்ததா என்று எதை வைத்துச் சொல்வது? எண்ணுவதென்றால் எப்படி எண்ண வேண்டும், கூடவே என்னென்ன குறித்துக்கொள்ள வேண்டும்? 8 மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று இருக்கிறது, கேமரா இல்லை. அப்புறம் முக்கியமாக, டவுன் நடுவில் ஒரு மாடியில் நின்று எண்ணுவதால் யாருக்காவது பயன் உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பாம்பன்_வடகடல்

அக்கா, டவுனில் நிற்பதைவிட ஒரு ஞாயிற்றுக்கிழமை அரிச்சல்முனைக்கு வந்துவிடுங்கள். உச்சிப்புளி தாண்டினாலே நிலம் ஒடுங்க ஆரம்பித்துவிடும், மண்டபத்தில் இந்தப் பக்கம் வடகடல், அந்தப் பக்கம் தென்கடல், அதற்கப்புறம் தீவு, தனுஷ்கோடி, அதோடு கரை முடிந்தது. அங்கிருந்து தலைமன்னாருக்கு முப்பது கிலோமீட்டர் அளவுதான், நடுவில் மணல்திட்டுகளும் இருக்கின்றன. இலங்கைக்குப் போகிற பருந்து இந்த வழியை விட்டு வேறு எங்கே போகும்?

ஐப்பசியில் காலையில் அந்த ரோட்டில் நின்றால் பூனைப்பருந்து தாழ்வாக மணல்மேட்டை ஒட்டி வருவதைப் பார்க்கலாம். கடல் கழியில் பட்டுப்போன கம்பின் மேல் விராலடிப்பான் (மீன் பிடித்துத் தின்னும் பருந்து) உட்கார்ந்திருக்கும், எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கே அதைத் தெரியும். உள்ளான் (தண்ணீர்க் கரையோரச் சிறு பறவை) கூட்டம் திடீரென்று மொத்தமாக எழும்பினால் உடனே மேலே பாருங்கள், பெரும்பாலும் பெரிகிரின் வல்லூறு வந்திருக்கும். டவுனில் இதெல்லாம் கிடைக்காது.

ஒன்று மட்டும் எங்கள் பக்கத்து வழக்கப்படி செய்யுங்கள். நோட்டில் காற்றை எழுதும்போது வாடையா (வடகாற்று), கொண்டலா (கீழ்க்காற்று), சோழகமா (தென்காற்று), கச்சானா (மேல்காற்று) என்று எழுதுங்கள். வாடை பிடித்த அன்றைக்கும் கச்சான் அடங்காத அன்றைக்கும் வானத்தில் வரும் பறவை ஒன்றாக இருக்காது. கடலுக்குப் போகிறவர்கள் யாரைக் கேட்டாலும் அன்றைய காற்றைச் சரியாகச் சொல்லிவிடுவார்கள்.

கண்மாய்க்கரை_முதுகுளத்தூர்

பாம்பன் தம்பி சொல்வதில் பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன், பாதிக்கு இல்லை. அரிச்சல்முனை நல்ல இடம்தான், ஆனால் அங்கே வருடத்தில் ஒரு நாள் போய் எண்ணுவதைவிட வீட்டு மாடியில் வாரத்துக்கு மூன்று நாள், ஒரே நேரத்தில், ஒரே மணிக்கணக்கில் எண்ணுவதுதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஒரு நாள் எண்ணியது அன்றைக்குப் பார்த்த சந்தோஷம் மட்டும். அடுத்த வருடத்து எண்ணோடு சேர்த்து வைத்துப் பார்க்க முடிந்தால்தான் அது கணக்கு. எனவே டவுனில் நிற்பது பயனா என்று தயங்காதீர்கள் அம்மா.

இன்னொன்று, எல்லாப் பருந்தும் குறுகலான வழியைத் தேடி வராது. சுட்ட நிலத்திலிருந்து மேலே எழும் காற்றில் ஏறி, அப்படியே சறுக்கிச் சறுக்கிப் போகிற கழுகு வகைகளுக்குத்தான் கடல் தொல்லை, ஏனென்றால் தண்ணீர் பகலில் நிலம் மாதிரி சூடாவதில்லை, ஏறுவதற்குக் காற்று கிடைக்காது. பூனைப்பருந்தும் விராலடிப்பானும் பெரிகிரினும் அப்படியில்லை. அவை இறக்கை அடித்தே நெடுந்தூரம் போகக்கூடியவை, கடலை எங்கே வேண்டுமானாலும் தாண்டும். ஆகவே உங்கள் மாடிக்கு மேலேயும் போகும், தொண்டிக்கு மேலேயும் போகும்.

இப்போது உங்கள் முதல் கேள்வி. ஊர்ப் பருந்தா, வலசையா? பறவையின் இனத்தைப் பார்ப்பதற்கு முன்னால் அது போகிற விதத்தைப் பாருங்கள். ஊர்ப் பருந்து காலையில் அடையும் இடத்திலிருந்து மார்க்கெட்டுக்கும் குப்பைமேட்டுக்கும் போகும், நடுவில் திரும்பும், இன்னொன்றோடு சண்டை போடும், கீழே எதையாவது கண்டால் இறங்கும், சாயங்காலம் வந்த வழியே திரும்பும். வலசைப் பறவைக்குக் கீழே வேலை இல்லை. ஓரிடத்தில் சுற்றிச் சுற்றி உயரம் ஏறும், போதும் என்றதும் ஒரே திசையில் சறுக்கிப் போய்விடும், திரும்பாது. முதல் ஒரு வாரம் எதையும் எண்ணாமல் உங்கள் ஊர்ப் பருந்துகளின் போக்குவரத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். எது எங்கேயிருந்து எத்தனை மணிக்கு வருகிறது என்று பழகிவிட்டால் அந்த ஒழுங்கில் சேராத பறவை தானாகவே கண்ணில் படும்.

கரும்பருந்துக்கு வால் கவட்டையாக இருக்கும், பறக்கும்போது அந்த வாலை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டே இருக்கும். பூனைப்பருந்து ஒல்லி உடம்பு, நீள வால், சறுக்கும்போது இறக்கை இரண்டும் பாதி திறந்த புத்தகம் போல மேலே தூக்கியிருக்கும். அந்தத் தூக்கல்தான் தூரத்திலேயே காட்டிக்கொடுக்கும். நம் மாவட்டத்துக்கு முக்கியமாக மூன்று வருகின்றன. சேற்றுப் பூனைப்பருந்து, பெண்ணாக இருந்தால் உடம்பெல்லாம் கரும்பழுப்பு, தலை மட்டும் வெளிறிய மஞ்சள். மற்ற இரண்டும் பேலிட், மான்டேகு. இவற்றின் ஆண்கள் சாம்பல் நிறம், பெண்களும் குஞ்சுகளும் பழுப்பு, வாலடியில், அதாவது வால் தொடங்கும் இடத்தில் மேல்பக்கம், வெள்ளைப் பட்டை. பெண்களைப் பறக்கும்போது பிரிப்பது அனுபவசாலிகளுக்கே கஷ்டம், ‘வாலடி வெள்ளைப் பூனைப்பருந்து’ என்று எழுதி விட்டுவிடுங்கள், அதில் குறைவொன்றும் இல்லை. கஜகஸ்தான், தெற்கு ரஷ்யப் பக்கத்துப் புல்வெளிகளில் குஞ்சு பொரித்துவிட்டு நம் தரிசுக்கும் மிளகாய்க்காட்டுக்கும் வருகிற பறவைகள் இவை, அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனசு நிறைந்துபோகும்.

ஒரு எச்சரிக்கை. சக்கரக்கோட்டைக் கண்மாய் டவுனை ஒட்டியே இருக்கிறது. 2025இல் அதற்கும் தேர்த்தங்கலுக்கும், உலக அளவில் முக்கியமான நீர்நிலை என்கிற ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது, அதற்கு முன்பு 2022இல் சித்திரங்குடிக்கும் காஞ்சிரங்குளத்துக்கும் கிடைத்தது. கண்மாயில் தண்ணீர் ஏறியதும் சேற்றுப் பூனைப்பருந்து அங்கேயே தங்கி இரை தேடும், அதே பறவை தினமும் உங்கள் மாடி வழியாகப் போய்வரலாம். விடிந்தும் விடியாமலும், பிறகு அந்தி ஐந்தரை மணிக்கு மேலும் தாழ்வாகப் போகும் பூனைப்பருந்தை வலசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது அடையும் இடத்துக்கும் இரை தேடும் இடத்துக்கும் நடுவே போகிற பறவையாக இருக்கும். காலை ஒன்பதிலிருந்து பதினொன்றரை வரைக்கும் உயரத்தில் ஒரே திசையாகப் போவதை எண்ணுங்கள், போதும்.

பரமக்குடிக்காரன்_பென்சில்வேனியா

வணக்கம் அக்கா. நான் பரமக்குடி, வேலைக்காக இப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்தில் இருக்கிறேன். இங்கே பருந்து எண்ணுவது பெரிய பழக்கம், வீட்டுக் கொல்லையில் நாற்காலி போட்டு எண்ணுகிறவர்களும் உண்டு, அதனால் எண்ணும் முறையைப் பற்றிச் சொல்கிறேன்.

என் வீட்டிலிருந்து காரில் போகிற தூரத்தில் ஹாக் மவுன்டன் என்று ஒரு மலை. 1930கள் வரைக்கும் இலையுதிர் காலத்தில் அங்கே போகிற பருந்துகளை வேட்டைக்காரர்கள் வரிசையாக நின்று சுட்டுத் தள்ளினார்கள். ரோசலி எட்ஜ் என்ற பெண்மணி 1934இல் அந்த மலையையே குத்தகைக்கு எடுத்து, மாரிஸ் புரூன் என்பவரைக் காவலுக்கு வைத்தார். அவர் காவல் காத்ததோடு விடாமல் போகிற பருந்துகளை எண்ணி எழுதவும் ஆரம்பித்தார். பிற்பாடு டிடிடி என்ற பூச்சிமருந்தால் கழுகு முட்டைகளின் ஓடு மெலிந்து குஞ்சே பொரிக்காமல் போன காலத்தில், வெண்தலைக் கழுகுகளில் இளசுகள் வருவது குறைந்துகொண்டே போனது அந்த நோட்டில் அப்படியே பதிவாகியிருந்தது. எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962இல் டிடிடிக்கு எதிராக எழுதியபோது இந்த எண்ணிக்கையையும் எடுத்துக்காட்டினார். 1972இல் அமெரிக்காவில் டிடிடி தடையானது. புரூன் எழுத ஆரம்பித்த வருடம் டிடிடி என்ற பேச்சே இல்லை என்பதைக் கவனியுங்கள்.

சரி, எண்ணுவது எப்படி. செப்டம்பர் நடுவில் இங்கே பிராட்விங் என்கிற சின்னப் பருந்துகள் கூட்டமாக வரும். ஏறும் காற்று கிடைத்த இடத்தில் ஒன்றாகச் சுழலும்போது எண்ணவே கூடாது, ஒன்றையே இரண்டு தடவை எண்ணிவிடுவோம். உச்சிக்குப் போய் ஒவ்வொன்றாகச் சறுக்கி வெளியேறும் அல்லவா, அப்போது செல்போன் டவர், தண்ணீர்த் தொட்டி மாதிரி ஏதாவது ஓர் அடையாளத்தை வைத்துக்கொண்டு அதைத் தாண்டுகிறவற்றை மட்டும் எண்ண வேண்டும். அதிகமாக இருந்தால் முதல் பத்தை எண்ணி அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் வாங்கிக்கொண்டு பத்துப் பத்தாகப் போங்கள். மெக்சிகோவின் வெராக்ருஸில் ஒரு சீசனுக்கு நாற்பது லட்சத்துக்கு மேல் போகின்றன, அங்கேயும் அடிப்படை முறை இதுதான். ராமநாதபுரத்தில் அப்படிப்பட்ட கூட்டத்தை எதிர்பார்க்காதீர்கள், ஒரு காலைக்கு ஐந்தாறு வந்தாலே நல்ல காலைதான்.

எண்ணைவிட முக்கியம் எண்ணிய நேரம். தொடங்கியது, முடித்தது, எத்தனை பேர் பார்த்தீர்கள், மேகம் எவ்வளவு, காற்று எங்கேயிருந்து, பறவை எந்தத் திசைக்குப் போனது, இவற்றை மணிக்கு ஒரு வரி என்று எழுதுங்கள். ‘இன்று 6’ என்று மட்டும் எழுதினால் அரை மணியில் 6ஆ, மூன்று மணியில் 6ஆ என்பது பிறகு யாருக்கும் தெரியாது. ஒன்றுமே வராத நாளையும் நேரத்தோடு பூஜ்யம் என்று எழுதுங்கள். மகளுக்கு இது சப்பென்று இருக்கும், ஆனால் அந்தப் பூஜ்யங்கள் இல்லாவிட்டால் மற்ற எண்களுக்கும் மதிப்பு இல்லை.

பார்ப்பதற்கு ஒரு வழி: வெறும் நீல வானத்தில் பருந்தைப் பிடிப்பது ரொம்பக் கஷ்டம், வெள்ளை மேகம் இருந்தால் அதன் ஓரமாகவே மெதுவாக நகர்ந்து தேடுங்கள். பைனாகுலரைத் தூர மேகம் ஒன்றில் தெளிவாக்கிவிட்டு, வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பாருங்கள், வெறுங்கண்ணுக்குத் தெரியாத உயரத்தில் போகிறவை அப்படித்தான் கிடைக்கும். காலையில் சூரியன் முதுகுப் பக்கம் இருக்கும்படி வடமேற்கைப் பார்த்து உட்காருங்கள், பறவை வருவதும் அந்தப் பக்கத்திலிருந்துதான். தவறிக்கூடச் சூரியன் பக்கம் பைனாகுலர் போகக் கூடாது, மகளிடம் இதை முதலிலேயே கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

கேணிக்கரை_மாடி

இவ்வளவு விவரமாக எழுதியதற்கு எல்லோருக்கும் நன்றி. டீச்சரம்மா மாதிரி எழுதியிருக்கிறீர்கள் கண்மாய்க்கரை அம்மா, மகளுக்கு வாசித்துக் காட்டினேன், இறக்கைத் தூக்கலைப் படமாகவே வரைந்து வைத்துக்கொண்டாள்.

இன்னும் இரண்டு சந்தேகம். நேற்றும் அதற்கு முந்தின நாளும் முழுக்கப் பழுப்பாக, இறக்கைக்கு அடியில் நுனியை ஒட்டி வெளிறிய திட்டோடு ஒரு பறவை வந்தது. வால் கவட்டையாக இல்லை, உருண்டையாக இருந்தது. இது வலசைதானே? அடுத்தது, இபேர்டில் (பார்த்த பறவைகளைப் பதியும் இணையதளம்) போடச் சொல்கிறார்கள், நான் பருந்தை மட்டும் எண்ணினால் அதில் எப்படிப் போடுவது?

கீழக்கரை_தெற்குத்தெரு

அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம். சகோதரி, நீங்கள் சொல்கிற உருண்டை வால் பழுப்புப் பறவை எனக்குச் செம்பருந்தின் இளசு போலத்தான் தெரிகிறது. செம்பருந்து என்றால் செங்கல் நிற உடம்பும் வெள்ளைத் தலையும் என்று மனதில் பதிந்திருப்பதால் அதன் குஞ்சை யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. முதல் வருடம் முழுக்க அது பழுப்புதான். எங்கள் ஊர்க் கடற்கரையில் கருவாடு காயப்போடும் இடத்தில் பெரியதும் இளசும் கலந்தே சுற்றும். இரண்டு நாளும் வந்தது, சுற்றிவிட்டு இறங்கியது என்றால் வலசைக் கணக்கில் சேர்க்காதீர்கள். இங்கே வலசை எண்ணுகிறவர்களுக்கு எண்ணிக்கையைக் கெடுப்பது இந்த இளசுதான், இதை நன்றாகக் கற்றுக்கொண்டால் பாதி வேலை முடிந்தது.

அதே பழுப்பில், ஆனால் கழுத்தும் இறக்கையும் சேரும் இடத்தில் முன்பக்கம் இரண்டு வெள்ளைப் புள்ளி தெரிந்தால் அது பூட்டட் ஈகிள். அது உண்மையான விருந்தாளி, உயரத்தில் நேராக உங்களை நோக்கி வரும்போது அந்த இரண்டு புள்ளியும் பளிச்சென்று தெரியும்.

அமூர் வல்லூறு வருமா என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் நாகாலாந்துச் செய்தி படித்தவர்கள் எல்லோரும் கேட்பார்கள் என்பதால் சொல்லிவிடுகிறேன். 2012இல் தோயாங் அணைப் பக்கம் வலை வைத்து மொத்தமாகப் பிடித்தார்கள், அடுத்த வருடமே ஊர்க்காரர்கள் நிறுத்தினார்கள், 2013இல் சிலவற்றுக்குச் செயற்கைக்கோள் கருவி மாட்டினார்கள். அவை தீபகற்பத்தைக் குறுக்கே தாண்டி அரபிக்கடலுக்கு மேலே ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. நம் கரை அந்த வழியில் ஒரு ஓரம், அதனால் அதற்காகக் காத்திருக்க வேண்டாம். ஆனால் ஐப்பசி மழை விட்ட மறுநாள் தட்டான்கள் கூட்டம் கூட்டமாகப் பறக்கும் அல்லவா, அன்றைக்கு மேலே கவனமாக இருங்கள். சின்ன வல்லூறுகள் தட்டானைப் பறந்தபடியே பிடித்துக் காலில் வைத்துத் தின்றுகொண்டே போகும்.

எண்ணுவதால் பயன் உண்டா என்று கேட்டீர்கள். பாறுக் கழுகுகளை, அதாவது பிணந்தின்னிக் கழுகுகளை எடுத்துக்கொள்ளுங்கள். ராஜஸ்தானில் பரத்பூர் சரணாலயத்தில் விபு பிரகாஷ் 1980களிலேயே அவற்றை எண்ணி வைத்திருந்தார். 1990களின் கடைசியில் மறுபடி எண்ணியபோதுதான் எவ்வளவு பெரிய சரிவு என்று தெரிந்தது. மாட்டுக்குப் போடும் டைக்ளோஃபெனாக் என்ற வலிநிவாரண ஊசிதான், செத்த மாட்டைத் தின்ற கழுகுகளைக் கொன்றது என்று பிறகு கண்டுபிடித்து, 2006இல் அதை நம் நாட்டில் தடை செய்தார்கள். முந்தைய எண் இருந்த இடத்தில் சரிவைக் காட்ட முடிந்தது. நம் மாவட்டத்தில் பூனைப்பருந்துக்கு அப்படி ஒரு முந்தைய எண்ணை உங்கள் மகள் எழுதி வைத்தால் அது எனக்கும் வேண்டும், என் பேரனுக்கும் வேண்டும். தரிசெல்லாம் ப்ளாட் ஆகிக்கொண்டிருக்கிறது, சீமைக்கருவேலம் மூடாத வெட்டவெளி இருந்தால்தான் இந்தப் பறவைகளுக்கு ராத்தங்கல்.

பாம்பன் தம்பி அழைத்தாரே என்று மண்டபம், தனுஷ்கோடி போகும்போது ஒரு விஷயம். வழியில் உச்சிப்புளியில் கடற்படை விமானத் தளம் இருக்கிறது, அதன் பெயரே ஐ.என்.எஸ். பருந்து. அந்த எல்லையில் நின்று பைனாகுலரோ கேமராவோ தூக்க வேண்டாம், கேள்வி கேட்பார்கள், கேட்பதும் நியாயம்தான்.

கண்மாய்க்கரை_முதுகுளத்தூர்

கீழக்கரைக் காக்கா (அண்ணன்) சொன்ன செம்பருந்து இளசு சரி.

இபேர்டுக்கு வருகிறேன். ஒரே இடத்தில் நின்று பார்த்தது என்ற வகையைத் தேர்ந்தெடுத்து, தொடங்கிய நேரத்தையும் எத்தனை நிமிடம் என்பதையும் போடுங்கள். கடைசியில், கண்ட பறவை எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று கேட்கும். பருந்தை மட்டும் எழுதியிருந்தால் ‘இல்லை’ என்றுதான் சொல்ல வேண்டும். என் யோசனை, முதல் பதினைந்து நிமிடம் காக்கா, மைனா, புறா, தவிட்டுக்குருவி என்று எல்லாவற்றையும் எழுதி ஒரு முழுப் பட்டியலாகப் போட்டுவிடுங்கள். முழுப் பட்டியலில் பூனைப்பருந்து இல்லையென்றால் அன்றைக்கு அந்த நேரத்தில் கண்ணில் படவில்லை என்பதும் பதிவாகிவிடும், பென்சில்வேனியா தம்பி சொன்ன பூஜ்யம் அப்படித்தான் அதில் ஏறும். பிறகு பருந்துக்கென்று தனிப் பட்டியல், அதில் ஒவ்வொன்றுக்கும் கீழே குறிப்பு இடத்தில் திசையை எழுதுங்கள். இனம் தெரியாததைப் போடுவதற்கும் அதில் இடம் இருக்கிறது, ‘பூனைப்பருந்து, எந்த வகை என்று தெரியவில்லை’ என்ற அளவில் நிறுத்திக்கொள்ளலாம். படம் இல்லாமல் அரிய பறவை எதையும் துணிந்து போடாதீர்கள், சரிபார்ப்பவர் கேட்டால் பதில் சொல்ல முடியாது. நோட்டை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், காற்றும் மேகமும் அதில்தான் ஒழுங்காக இருக்கும்.

பொங்கலுக்கு நடக்கும் பறவைக் கணக்கெடுப்பிலும் மகளைச் சேர்த்துவிடுங்கள், பள்ளிப் பிள்ளைகள் நிறையப் பேர் கலந்துகொள்கிறார்கள்.

இன்னும் ஒன்று, பலர் கார்த்திகையோடு நோட்டை மூடிவிடுகிறார்கள். மாசி கடைசியிலும் பங்குனியிலும் இதே பறவைகள் வடக்கே திரும்பும், பங்குனி தாண்டினால் பூனைப்பருந்து அபூர்வம். போகும்போது எண்ணியதற்கு ஈடாக வரும்போதும் எண்ண வேண்டும் அம்மா. வெயில் கடுமையாக இருக்கும், காலை ஏழரைக்கே மாடிக்குப் போய்விடுங்கள், இந்தத் தடவை நாற்காலியைத் தென்கிழக்கு பார்த்துப் போடுங்கள். ஆனால் அந்தப் பக்கம்தான் காலைச் சூரியனும் இருக்கும், அதனால் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்து, சூரியன் தொட்டிக்குப் பின்னால் மறைந்திருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.